வெண்ணெய்நல்லூர்ச் சபையும் நூறாவது பிரிவும்

திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நாம் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கதாகாலட்சேபத்தில் அந்த இடம் வரும்போது பந்தலே மலரும். குடையும் தடியுமாக வந்து நிற்கும் கிழவர் யாரென்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதவர்போல் ஒருமுறை அதைப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

புத்தூரில் கல்யாணம். மணமகன் நம்பியாரூரர் (பின்னாளின் சுந்தரர்) அரசன் வீட்டில் செல்லமாக வளர்ந்தவர், ஊரறிந்தவர். எங்கிருந்தோ வந்த கிழவர் ஒருவர், 'இவன் எனக்கு வழிவழி அடிமை, கையில் ஓலை இருக்கிறது' என்கிறார். பந்தல் சிரிக்கிறது. மணமகன் அவரைப் பித்தன் என்று சொல்கிறார். கிழவர் கோபப்படவில்லை, நகரவுமில்லை. மணமகன் அவரைத் துரத்திப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறார். இவ்வளவும் நூறு பேர் பார்க்க நடக்கிறது. கிழவர் முறையிட்டு வழக்கை வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுபோகிறார்.

சபை என்ன செய்தது என்பதுதான் விஷயம். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதை ஒரு நீதிமன்றக் குமாஸ்தாவின் நிதானத்தோடு எழுதியிருக்கிறார். வாதியைப் பார்த்து, அனுபவப் பாத்தியதை, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைக் காட்டும்படி சபையோர் கேட்கிறார்கள். கிழிக்கப்பட்டது நகல்தான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் அவர். ஆனால் வெளியே எடுத்தால் இவன் மறுபடி பாய்வான், அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார். உமக்குத் தீங்கு வர விடமாட்டோம் என்று சபை வாக்குக் கொடுக்கிறது. பிறகு ஓலை படிக்கப்படுகிறது. பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையிலிருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. பித்தனென்று பேர்வாங்கியவர் ஜெயிக்கிறார்.

வந்தவர் சிவபெருமான் என்பது சபைக்குத் தெரியாது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பைத்தியம் என்று ஊர் நடுவே ஏசப்பட்ட, முன்பின் தெரியாத ஒரு கிழவரை வாதியாக நிறுத்தி, ஆதாரம் கேட்டு, பாதுகாப்புக் கொடுத்து, எதிராளி எவ்வளவு பெரிய இடம் என்று பாராமல் தீர்ப்புச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தக் காட்சிக்கு ஈடாக, மனநோயாளி ஒருவர் போலீஸ்மீது கொடுத்த புகாரை எடுத்து விசாரித்த ஒரு அறையை இன்று காட்டச் சொன்னால் விரல்விட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

வெண்ணெய்நல்லூரிலிருந்து திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை பக்கம்தான். பித்தர்களோடு இவ்வளவு நெருங்கிய பழக்கம் உள்ள ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அருணகிரிநாதர் வல்லாள மகாராஜன் கோபுரத்திலிருந்து உயிரை விடக் குதித்தார், முருகன் தாங்கினான் என்பது இந்தக் கோயிலின் கதை. (பிழைத்தவர்மீது தற்கொலை முயற்சிக்கு வழக்குப் போட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு வெள்ளைக்காரன் சட்டம் வந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே பிறந்தது அவர் அதிர்ஷ்டம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அந்த வழக்குகளுக்குத் தடைபோட்டது. அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது.) 1896இல் பதினாறு வயதில் வந்திறங்கிய வேங்கடராமன் (பின்னாளின் ரமண மகரிஷி) ஆயிரங்கால் மண்டபத்தில் கண்மூடி உட்கார்ந்தபோது பையன்கள் கல்லெறிந்தார்கள். அதிலிருந்து ஒதுங்கித்தான் அவர் பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் போனார். அவரைக் காக்க முயன்ற சேஷாத்திரி சுவாமிகளையே ஊரில் பாதிப்பேர் பைத்தியம் என்றார்கள். அவர் கடைக்குள் புகுந்து சாமானை வாரி இறைத்தால் அன்று வியாபாரம் கொழிக்கும் என்று பிற்பாடு கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். 1959இல் வந்த விசிறி சாமியார் தேரடிப் பக்கம் பாத்திரக்கடை வாசலில் படுத்திருந்தவர். தன்னைப் பிச்சைக்காரன் என்றும் பைத்தியம் என்றும் சொல்லிக்கொண்டவர்.

இந்தப் பட்டியலைச் சொல்லி இந்த ஊர் பித்தைப் புரிந்துகொண்ட ஊர் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கல்லெறிந்த ஊரும் காலில் விழுந்த ஊரும் ஒன்றுதான். இடையில் நடந்தது பதவி உயர்வு. நிலை தவறியவராகத் தெரிந்த ஒருவர் சாமியாக உயர்ந்துவிட்டால் அவர் எச்சில் பிரசாதம், அவர் கைவீச்சு ஆசீர்வாதம், அவர் திட்டு யோகம். உயராதவர் மேல் படுவது லத்தி. இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இருவர் வாயிலிருந்து வருவதையும் யாரும் அது சொல்லும் பொருளுக்காகக் கேட்பதில்லை. சாமியார் 'என்னை அடித்தார்கள்' என்றால் அதில் உட்பொருள் தேடுவார்கள். பைத்தியம் 'என்னை அடித்தார்கள்' என்றால் உளறல் என்பார்கள். அடித்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆளில்லை.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அஷ்டலிங்கங்களுக்கு இடையே மரத்தடியிலும் மண்டபத்திலும் படுத்திருப்பவர்களை ஒரே கூட்டமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். சன்னியாசம் வாங்கியவர் உண்டு. அன்னதானத்தை நம்பிக் காவி கட்டியவர் உண்டு. வடக்கே எங்கோ ரயிலேறிப் பெயரும் மொழியும் தொலைத்து இறங்கியவர் உண்டு. வீட்டார் கூட்டிவந்து, 'இங்கேயே உட்காரு, டீ வாங்கியாறேன்' என்று விட்டுப்போனவரும் உண்டு. கோயில் ஊர்களுக்கு எப்போதுமே இந்தச் சுமை உண்டு. சாப்பாடு கிடைக்கும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. மாத்திரை மட்டும் கிடைக்காது. பல வருஷம் மாத்திரையில் தெளிவாக இருந்தவர் அது நின்ற சில வாரங்களில் வேறு ஆளாகிவிடுவார்.

அந்த ஆள் போலீஸின் கண்ணில் படுவது நோயாளியாக அல்ல. கடைக்காரர் தொல்லை என்று சொல்லியிருப்பார். பக்தர் ஒருவரின் பை காணாமல் போயிருக்கும். தீபத்துக்கு பந்தோபஸ்து போட்டிருப்பார்கள், பாதையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அல்லது பிள்ளை பிடிப்பவன் என்று யாராவது கைகாட்டியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2018 மே மாதம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததற்காக ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றது. அவருக்கு மனநோய் எதுவும் இல்லை. அதே மாதம் பழவேற்காட்டில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிடப்பட்டவர் மனநலம் குன்றித் திரிந்தவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததுதான் அங்கே குற்றம். கூட்டத்தின் விசாரணையும் ஸ்டேஷன் விசாரணையும் இந்த ஒரு புள்ளியில் ஒன்றுபோலிருக்கும். 'எந்த ஊர்ரா, பேர் இன்னாடா?' பதில் வராவிட்டால் அடி. பதில் தாறுமாறாக வந்தால் நக்கல் பண்ணுகிறான் என்று அடி.

சட்டம் இதை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நூறாவது பிரிவு முழுக்கப் போலீஸுக்கானது. தன் எல்லைக்குள் அலைந்து திரிபவர் ஒருவருக்கு மனநோய் இருப்பதாகவும், தன்னைப் பார்த்துக்கொள்ள அவரால் முடியாதென்றும் நம்பக் காரணம் இருந்தால், அவரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது ஸ்டேஷன் பொறுப்பதிகாரியின் கடமை. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவருக்கும் அப்படியே. ஏன் கூட்டிப்போகிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். கூடிய சீக்கிரம், மிஞ்சிப்போனால் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். எந்த நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அட்மிஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் வீட்டிலோ, வீடில்லாவிட்டால் அரசு இல்லத்திலோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதும் அதே போலீஸ்தான். வீடற்று அலைபவராக இருந்தால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும்.

கடைசி வாசகத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். நம் ஊரில் எஃப்.ஐ.ஆர். என்றால் ஒருவர் மேல் போடுவது. இங்கே ஒருவருக்காகப் போடுவது. அவரைத் தொட்ட மாத்திரத்தில் போலீஸின் கையாலேயே ஒரு காகிதம் பிறந்தாக வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே, ஒரு மனநோயாளியை வேனில் ஏற்றியதற்குச் சாட்சி இருந்து, அந்தக் காகிதமும் ஆஸ்பத்திரிப் பதிவும் இல்லாமற்போனால், அடித்தார்களா இல்லையா என்ற கேள்விக்குப் போகும் முன்பே ஒரு சட்டமீறல் நிரூபணமாகிவிடுகிறது. கோயில் ஊர்கள் பலவற்றிலும் பேசப்படும் ஒரு பழக்கம் உண்டு. திருவிழாவுக்கு முன் வண்டியில் ஏற்றிப் பக்கத்து மாவட்ட எல்லையில் இறக்கிவிடுவது. அடியில்லை, ரத்தமில்லை. இரண்டு இட்லிகூட வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நூறாவது பிரிவுப்படி அதுவும் மீறல்தான். அந்த மனிதர் தெரிந்து வைத்திருந்த குழாயடியையும், அவரைத் தெரிந்து வைத்திருந்த இட்லிக்கடை அம்மாவையும் சேர்த்தே பறித்துக்கொள்கிற மீறல்.

கான்ஸ்டபிள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ராத்திரி பதினோரு மணி. எதிரே உடம்பெல்லாம் சிரங்கோடு கத்துகிற ஆள். 108ஐக் கூப்பிட்டால் அவர்கள் தயங்குவார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், 'கூட யாரு இருக்காங்க, அட்டெண்டர் இல்லாம எப்படிச் சேக்கறது' என்பார்கள். அரசின் பெரிய மனநல மருத்துவமனை 1794இலிருந்து சென்னையில் இருக்கிறது. இங்கிருந்து 190 கிலோமீட்டர். மருத்துவக் கல்லூரி திருவண்ணாமலைக்கு 2013இல்தான் வந்தது. படுக்கை கொடுக்காமல் பிரிவை மட்டும் கையில் கொடுத்து, போ, நிறைவேற்று என்றால் அவர் தனக்குத் தெரிந்த கருவியைத்தான் எடுப்பார். இதைச் சொல்வது லத்திக்கு வக்காலத்து வாங்க அல்ல. நிவாரணம் கேட்கும்போது எதிர்மனுதாரர் பட்டியலில் சுகாதாரத் துறையின் பெயரும் இருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. மனநலம் பாதித்தவருக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டுவிட்ட காவலர் என்று அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நெருடல். முகம் தெளிவாகத் தெரியும்படி, அவர் சம்மதமில்லாமல் எடுத்த படம் அது. குளிப்பாட்டிய பிறகு எங்கே கொண்டுபோனார்கள், டாக்டர் யார், எஃப்.ஐ.ஆர். எண் என்ன என்று செய்தியில் ஒரு வரியும் இருக்காது. கருணையைக் கொண்டாடிக் கொண்டாடி, அது கடமை என்பதை நாமே மறைத்துவிட்டோம்.

சரி, அடித்துவிட்டார்கள். பிறகு?

முதல் இடம் ஆஸ்பத்திரி. அடிபட்டவர் கேஷுவாலிட்டிக்குப் போனால் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். யார் அடித்தது என்று நோயாளி சொன்னபடியே எழுதவேண்டிய இடம் அது. கூட வந்தது போலீஸாகவே இருந்தால் 'கீழே விழுந்தார்' என்று ஆகிவிடும். அன்று அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டதோ அதுதான் பின்னால் வரும் எல்லா விசாரணையிலும் மூல ஓலை. அடுத்து ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன்மீது புகாரோ அதே ஸ்டேஷனின் ரைட்டர் முன்னால் நின்று சி.எஸ்.ஆர். ரசீது கேட்பது. 'அவன் லூசு சார், அவன் சொல்றதெல்லாம் எழுதிக்கினு இருந்தா வேலைக்கு ஆவுமா?' மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம். அவரும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். படிகள் எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. ஏறுபவருக்குக் கால் இருக்க வேண்டும்.

போலீஸ்மீதான புகாரைப் போலீஸுக்கு வெளியே விசாரிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் அது அமைய வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டப் புகார் அமைப்புக்குத் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்களில் ஒருவர் அதே மாவட்டத்தின் எஸ்.பி. வெண்ணெய்நல்லூர்ச் சபையில் மணமகன் வீட்டாரையே உட்காரவைத்த மாதிரி.

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, 1997இலிருந்து. கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், வக்கீல் வேண்டியதில்லை. அதன் பரிந்துரைகளை அரசு அலட்சியம் செய்ய முடியாது, அவை கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது. ஏழைக்கு எட்டும் தூரத்தில் உள்ள கதவு இதுதான். ஆனால் அதில் ஒரு தாழ்ப்பாள் உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் போக வேண்டும். உடம்பால் அடிபட்டவருக்கு ஒரு வருஷம் போதும். மனநோயாளிக்கு? அடிபட்ட அன்று அவர் நோயின் உச்சத்தில் இருந்திருப்பார். யாரோ ஒரு நல்லவர் கொண்டுபோய்ச் சேர்த்து, மருந்து பிடித்து, தூக்கம் வந்து, தன் பெயர் நினைவுக்கு வந்து, வீட்டு முகவரி சொல்லி, அதற்கப்புறம் ஒரு நாள் முதுகுத் தழும்பைத் தடவிப்பார்த்து 'இது எப்படி வந்தது தெரியுமா' என்று அவர் பேசத் தொடங்கும்போது பதினாலு மாசம் ஆகியிருக்கலாம். அறிவு திரும்பிய நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று சொத்து வழக்குகளுக்குக்கூடக் காலவரையறைச் சட்டம் சலுகை தருகிறது. முதுகுக்கு அது ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

அவர் பேசினாலும் நம்புவார்களா? சட்டம் நம்பத் தயாராகத்தான் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 124ஆம் பிரிவும் சொல்வது இதுதான்: சித்தம் கலங்கியவர் என்பதாலேயே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுபூர்வமாகப் பதில் சொல்ல அந்த நோய் தடையாக இருந்தால்தான் தகுதியில்லை. அன்னியர் பேசும் குரல் காதில் கேட்கிறது என்று சொல்பவருக்கும், தன்னை அடித்தவரின் மீசையும் பெல்ட்டும் துல்லியமாக நினைவிருக்கும். ஒரு விஷயத்தில் தடுமாறும் மனம் எல்லாவற்றிலும் தடுமாறும் என்பது நம் முடிவு, மருத்துவம் சொன்னதல்ல.

இருந்தாலும் நடைமுறையில் நம்புவது கேமராவை. 2016 ஜூலையில் இதே மாவட்டத்தின் செங்கத்தில் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் வைத்துக் காவலர்கள் அடித்தது நாடு முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் யாரோ எடுத்த வீடியோ. 2025 ஜூனில் மடப்புரம் காளி கோயில் காவலாளி போலீஸ் பிடியில் இறந்தபோது, கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து எடுத்த சில நொடிகள்தான் வழக்கின் திசையை மாற்றின. 2020இல் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த சாத்தான்குளத்தில் ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அங்கே உண்மை வெளியே வந்தது ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சொன்னதால். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை ஒன்றரை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது. நல்லது. கிரிவலப் பாதையின் இருட்டில் நடப்பதற்கு எந்தக் கேமரா? இந்த வழக்குகளில் அடிபட்டவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கதறி அழ வீட்டார் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் கேரளத்தின் கொல்லம் மாவட்ட ஆசிரமம் ஒன்றுக்கு வந்த பீகார் சட்ட மாணவர் அங்கே நிலைதடுமாறி, போலீஸ், சிறை, மனநல மருத்துவமனை என்று கைமாறி, சில நாள்களில் உடலெங்கும் காயங்களோடு இறந்துபோனார். அவருக்கும் கேள்வி கேட்க ஓர் அப்பா இருந்தார். ஞானம் தேடிப் பிறமாநிலத்தவர் வந்திறங்கும் எந்த ஊருக்கும் அந்தச் சாவு அன்னியமானதல்ல.

இந்திய நீதிமன்ற வரலாற்றில், அரசு செய்த சட்டவிரோதக் காவலுக்குப் பணமாக நஷ்டஈடு என்ற கதவைத் திறந்தது 1983ஆம் ஆண்டு ருதுல் சா வழக்கு. அதன்பின் வந்த லாக்கப் மரண நஷ்டஈடுகளெல்லாம் அந்த வழி வந்தவைதான். ருதுல் சா பீகாரில் 1968 ஜூனில் விடுதலை செய்யப்பட்டவர். சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில். பதினாலு வருஷம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டதற்கு அரசு சொன்ன பதில்: அவர் பைத்தியமாக இருந்தார். என்ன வைத்தியம் பார்த்தீர்கள், எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டபோது காட்ட உருப்படியாக ஒன்றுமில்லை. ஏற்கெனவே கொடுத்த 5,000 போக 30,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. பைத்தியம் என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு ஆளைப் பதினாலு வருஷம் பூட்டிவைக்கலாம் என்று அரசு நம்பியது. அந்த நம்பிக்கையை நீதிமன்றம் ஏற்காததிலிருந்துதான் நம் நிவாரணச் சட்டமே கிளைவிட்டிருக்கிறது. வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைத் தினமும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் வேரில் இருந்தது ஒரு பைத்தியப் பட்டம் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் 1993இல் தீர்ப்பு வந்தது. அது வந்த பிறகும் அசாமில் மச்சாங் லாலுங் பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தார். 1951இல் இருபத்துமூன்று வயதில் பிடிபட்டவர், தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை எழுதியது. வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினார்கள். 2005இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. மூன்று லட்சம் ரூபாயும் மாதம் ஆயிரமும் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு வருஷம் வாங்கினார். அவரை யாரும் அடித்ததாகப் புகார் இல்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெயித்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டுமென்றால் அட்டப்பாடி மதுவைச் சொல்லலாம். கோயம்புத்தூரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். மனநலம் குன்றிக் காட்டுக் குகையில் ஒதுங்கி வாழ்ந்த ஆதிவாசி இளைஞர். அரிசி திருடினார் என்று 2018 பிப்ரவரி 22 அன்று கூட்டம் கையைக் கட்டிக் கூட்டிவந்து அடித்தது, செல்ஃபி எடுத்துக்கொண்டது. போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் இறந்தார். ஜீப்பில் என்ன நடந்தது என்ற கேள்வியும் வெகுநாள் நின்றது. அவருடைய அம்மாவும் சகோதரியும் ஐந்து வருஷம் அலைந்தார்கள். வக்கீல்கள் மாறினார்கள், சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு என்று வந்த பிறகுதான் வழக்கு நிமிர்ந்தது. 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, அவர்களில் 13 பேருக்கு ஏழு வருஷம். தீங்கு வர விடமாட்டோம் என்று அந்தப் பழைய சபை கொடுத்த வாக்கு எவ்வளவு பெரியது என்பது மன்னார்க்காடு நீதிமன்றக் கதையைப் படித்தால் புரியும்.

ஆனால் மதுவுக்கு அம்மா இருந்தார், ஆதிவாசி அமைப்புகள் இருந்தன. தமிழ்நாட்டில் போலீஸையும் வனத்துறையையும் எதிர்த்து ஜெயித்த பெரிய வழக்குகள் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு சங்கம் நிற்கும். வாச்சாத்திக்கு மலைவாழ் மக்கள் சங்கம், கம்மாபுரம் போலீஸ் அடியில் இறந்த ராஜாக்கண்ணுவின் மனைவிக்குக் கட்சித் தோழர்களும் சந்துரு என்ற வக்கீலும். சாதி, கட்சி, தொழிற்சங்கம், குறைந்தபட்சம் ஒரு ரசிகர் மன்றம் என்று ஏதாவது ஒன்று தோள்கொடுக்காமல் இங்கே எந்த எளியவரும் படியேறியதில்லை. மனநோயாளியைச் சொந்தச் சாதியே முதலில் கைவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சமீப வருஷங்களில் மனநோயையும் தங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு போராடுகின்றன. அதுதான் இருப்பதில் நம்பத் தகுந்த தோள். 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இதை யோசித்திருக்கிறது. தன் உரிமை மீறப்பட்டவர் மட்டுமின்றி அவருடைய நியமனப் பிரதிநிதியோ, அவர் சம்மதத்துடன் பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ மனநல மறுஆய்வு வாரியத்திடம் மனுப்போடலாம், கட்டணமில்லை. மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்றிதழ் தேவையில்லை. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று அவரிடம் சொல்வதே போலீஸின், மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 27ஆம் பிரிவு எழுதுகிறது. அடித்தவரே வந்து, 'உனக்கு இலவச வக்கீல் உண்டு, தெரியுமா?' என்று சொல்ல வேண்டும். சிரிப்பு வருகிறது. ஆனாலும் சட்டத்தில் எழுதியிருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாக வேண்டும்.

கேட்கத் தொடங்க நல்ல இடம் கார்த்திகை தீபம். இந்த ஊரில் போலீஸ் தன் முழுத் திறமையையும் காட்டும் பத்து நாள் அது. எந்த ரோட்டில் எத்தனை மணிக்கு எந்த பஸ் திரும்ப வேண்டும், தொலைந்த குழந்தையை எந்த மேடையில் சேர்க்க வேண்டும் என்பதுவரை தாளில் இருக்கும். அந்த பந்தோபஸ்து உத்தரவில் நூறாவது பிரிவுக்கு ஒரு பத்தி ஒதுக்கும்படி ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் எழுதலாம். பாதையில் நிலைதவறியவரைக் கண்டால் எந்த வண்டி, மருத்துவக் கல்லூரியில் ராத்திரி எந்த டாக்டர், அட்டெண்டர் இல்லாமல் எந்த வார்டில் சேர்ப்பது, எஃப்.ஐ.ஆர். எழுதப்போகும் ரைட்டர் யார், நிலைதவறியவரின் பேச்சைக் கேட்டு எழுத இந்தி, தெலுங்கு தெரிந்தவர் யார் என்று பெயர், நேரம், போன் நம்பரோடு. தீபம் முடிந்த பதினோராம் நாள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: எத்தனை பேரைப் பாதுகாப்பில் எடுத்தீர்கள், எத்தனை எஃப்.ஐ.ஆர்., அவர்கள் இப்போது எங்கே. மனுக்கட்டணம் பத்து ரூபாய்.